முதல் கூட்டத்துக்குப் போவது எப்படி? குடியை விட விரும்புவோருக்கு ஒரு வழிகாட்டிப் பாடம்

பட்டா மாறுதலோ, வருமானச் சான்றிதழோ, எந்தச் சேவையாக இருந்தாலும் மக்கள் கேட்பது மூன்றே கேள்விதான். "எங்க போகணும்? யாரைப் பார்க்கணும்? என்ன கொண்டு போகணும்?" இந்த மூன்றுக்கும் விடை கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

குடியை விடுவதிலும் அதே கதைதான். "நாளையிலிருந்து தொட மாட்டேன்" என்று சொல்லாத குடிநோயாளி இல்லை. ஆனால் நாளைக்கு எங்கே போய் உட்காருவது, யாரிடம் பேசுவது என்று பலருக்கும் தெரிவதில்லை. மத்திய அரசின் சமூக நீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை நடத்திய கணக்கெடுப்பு 2019-ல் வெளியானது. நாட்டில் 5.7 கோடிக்கும் மேற்பட்டவர்கள் மதுவால் பாதிக்கப்பட்டு உதவி தேவைப்படும் நிலையில் இருப்பதாக அது சொன்னது. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றதாகக் கூறினார்கள். மீதி 37 பேர் வீட்டிலேயே இருக்கிறார்கள். அதில் ஒருவர் நீங்களாக இருக்கலாம். உங்கள் கணவராக, அண்ணனாக, மகளாக இருக்கலாம்.

அந்த 37 பேருக்கும் திறந்திருக்கிற ஒரு கதவைப் பற்றியது இந்தப் பாடம். கட்டணம் இல்லை, விண்ணப்பம் இல்லை, ஆதார் கேட்க மாட்டார்கள். ஆனாலும் அந்தக் கதவைத் தாண்டுவதுதான் பலருக்கு மலை போலத் தெரிகிறது. உள்ளே என்ன நடக்கும் என்று முன்கூட்டியே தெரிந்தால் அந்தப் பயம் பாதி குறையும்.

1. இது என்ன கூட்டம்?

குடியிலிருந்து மீள விரும்புகிறவர்கள் ஒன்றாக உட்கார்ந்து, தங்கள் அனுபவத்தைப் பேசி, ஒருவருக்கொருவர் துணையாக இருக்கும் கூட்டம். இவற்றில் உலகெங்கும் பரவியிருப்பது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். சுருக்கமாக ஏ.ஏ. பெயரை வெளியிடாத குடிநோயாளிகள் என்று பொருள் கொள்ளலாம்.

இது தொடங்கிய கதையைத் தெரிந்துகொண்டால் கூட்டத்தின் இயல்பே புரிந்துவிடும். 1935 மே மாதம், பில் வில்சன் என்ற நியூயார்க் பங்குச்சந்தைக்காரர் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்திலுள்ள ஆக்ரன் நகரத்துக்கு வந்திருந்தார். குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. வந்த காரியம் தோல்வி. தங்கியிருந்த ஓட்டலிலேயே மதுக்கூடம். கால் அந்தப் பக்கம் இழுத்தது. 'இப்போது இன்னொரு குடிநோயாளியிடம் பேசாவிட்டால் நான் குடித்துவிடுவேன்' என்று அவருக்குத் தோன்றியது. போன் மேல் போன் போட்டு விசாரித்ததில், பாப் ஸ்மித் என்ற அறுவை சிகிச்சை மருத்துவரின் தொடர்பு கிடைத்தது. அவரும் குடியால் சீரழிந்துகொண்டிருந்தவர். "15 நிமிஷம்தான் பேசுவேன்" என்று சொல்லிவிட்டு வந்த மருத்துவர், 6 மணி நேரத்துக்கு மேல் பேசிக்கொண்டிருந்தார். அவர் கடைசியாகக் குடித்த நாளாகக் கொள்ளப்படும் 1935 ஜூன் 10, ஏ.ஏ. பிறந்த நாளாக இன்றும் கொண்டாடப்படுகிறது. இந்தியாவில் இந்த இயக்கம் 1957-ல் டெல்லியில் தொடங்கியது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பில் வில்சன் அன்றைக்கு அந்த மருத்துவரைத் திருத்தப் போகவில்லை. தான் குடிக்காமல் இருப்பதற்காகப் போனார். இன்றைக்கும் எல்லாக் கூட்டமும் இந்த ஒரு கணக்கில்தான் நடக்கிறது. புதிதாக வருகிற உங்களைப் பார்க்கும்போது, 10 வருஷமாகக் குடிக்காத ஒருவருக்குத் தன் முதல் நாள் ஞாபகம் வருகிறது. உங்களிடம் பேசுவது அவருக்கே மருந்து. அதனால் "நான் போய் அவங்களுக்குத் தொந்தரவா இருப்பேனோ" என்ற தயக்கத்தை வாசலிலேயே விட்டுவிடுங்கள். அந்த அறையில் மிக முக்கியமான ஆள் புதிதாக வந்தவர்தான்.

"சும்மா உட்கார்ந்து பேசினா குடி நின்னுடுமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020-ல் 27 ஆய்வுகளை, அவற்றில் பங்கெடுத்த 10,565 பேரின் விவரங்களைப் பரிசீலித்தது. நோயாளிகளை முறைப்படி ஏ.ஏ. வழியில் ஈடுபடுத்தும் சிகிச்சைகள், தொடர்ந்து குடிக்காமல் இருக்க வைப்பதில் மற்ற உளவியல் சிகிச்சைகளைவிடக் கூடுதல் பலன் தந்தன என்பது அதன் முடிவு. எல்லாருக்கும் பலிக்கும் என்று அர்த்தமில்லை. முயன்று பார்க்கத் தகுந்தது என்று உறுதியாகச் சொல்லலாம்.

2. கூட்டத்துக்கு முன் ஒரு எச்சரிக்கை

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

தினமும் அதிகமாகக் குடிப்பவர், காலையில் கை நடுக்கம் நிற்க ஒரு கட்டிங் போட வேண்டியிருப்பவர், மருத்துவரைப் பார்க்காமல் ஒரேயடியாக நிறுத்தக் கூடாது. உடம்பு மதுவுக்குப் பழகிவிட்டிருக்கும். திடீரென்று நிறுத்தினால் சில மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, படபடப்பு வரும். முதல் இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறும். இல்லாத உருவங்கள் தெரியும், இல்லாத குரல்கள் கேட்கும், காய்ச்சல் அடிக்கும். கவனிக்காவிட்டால் உயிரே போகும்.

ஊரில் "பேய் பிடிச்சிருக்கு" என்று மந்திரிக்க அழைத்துப் போகிற சில சம்பவங்களுக்குப் பின்னால் இருப்பது இதுதான். வலிப்போ, குழப்பமோ வந்தால் தாமதிக்காமல் 108-க்குப் போன் செய்யுங்கள்.

தகுந்த மருந்தோடு நிறுத்தினால் இந்தக் கட்டத்தைப் பாதுகாப்பாகக் கடக்கலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, மாவட்டத் தலைமை மருத்துவமனை ஆகியவற்றின் மனநலப் பிரிவில் புறநோயாளிச் சீட்டு வாங்கிப் போனாலே போதும். மெடிக்கல் ஷாப்பில் நீங்களாகவே தூக்க மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். எவ்வளவு குடிக்கிறீர்கள் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். குவார்ட்டரை "கொஞ்சமா" என்று சொன்னால் மருந்தின் அளவும் தப்பாகிவிடும்.

மருத்துவமனையா, கூட்டமா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கத் தேவையில்லை. மருந்து உடம்பைச் சரிசெய்யும். அதற்கப்புறம் வரும் ஆயிரம் சாயங்காலங்களைக் கடக்கக் கூட்டம் துணை நிற்கும். இரண்டுக்கும் சேர்ந்தே போகலாம்.

3. கூட்டத்தை எங்கே தேடுவது?

நான்கு வழிகள் இருக்கின்றன. எது கைக்கு எட்டுகிறதோ அதிலிருந்து தொடங்குங்கள்.

முதல் வழி, 14446. இது போதை மீட்புக்கான தேசியக் கட்டணமில்லாத் தொலைபேசி எண். ஆலோசகர் பேசுவார். அருகில் உள்ள மீட்பு மையம் எது என்று கேட்டு, "பக்கத்துல ஏ.ஏ. கூட்டம் எங்க நடக்குது?" என்றும் சேர்த்துக் கேளுங்கள்.

இரண்டாவது, அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு. அங்குள்ள மருத்துவரிடமோ, சமூகப் பணியாளரிடமோ விசாரியுங்கள். சில மருத்துவமனைகளின் வளாகத்திலேயே கூட்டம் நடப்பதுண்டு. சென்னையில் இருப்பவர்கள் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தையும் அணுகலாம்.

மூன்றாவது, தொண்டு நிறுவனங்கள் நடத்தும் மீட்பு மையங்கள். உதாரணமாக, சாந்தி ரங்கநாதன் 1980-ல் சென்னையில் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளை, குடிநோய் சிகிச்சையில் நாட்டின் முன்னோடிகளில் ஒன்று. இத்தகைய மையங்களில் சேராவிட்டாலும், கூட்டம் எங்கே நடக்கிறது என்று விசாரிக்கலாம்.

நான்காவது, ஏ.ஏ.வின் இணையதளம். மும்பையில் இருக்கும் ஏ.ஏ. இந்தியப் பொதுச் சேவை அலுவலகத்தின் தளத்தில் கூட்ட விவரங்களைப் பார்க்கலாம். பக்கத்து ஊரில்கூடக் கூட்டம் இல்லையென்றால், கைபேசி வழியாக இணையத்தில் நடக்கும் கூட்டங்களும் உண்டு.

விவரம் கிடைத்ததும் போன் போட்டு இந்த ஐந்தையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு? தமிழில் நடக்கிறதா, ஆங்கிலத்திலா? திறந்த கூட்டமா, மூடிய கூட்டமா? எந்தக் கட்டடம், எந்த வாசல்? போனதும் யாரைப் பார்ப்பது?

நான்காவது கேள்வி அற்பமாகத் தோன்றலாம். ஆனால் பள்ளி வகுப்பறை, சர்ச் வளாகம், சமுதாயக் கூடம் போன்ற இடங்களில்தான் இந்தக் கூட்டங்கள் பெரும்பாலும் நடக்கின்றன. வெளியே பெரிய போர்டு இருக்காது. இடம் தெரியாமல் ஐந்து நிமிடம் அலைந்தால், "சரி, அடுத்த வாரம் பார்த்துக்கலாம்" என்று திரும்பிவிடத் தோன்றும். திரும்பிப் போகிற வழியில்தான் கடையும் இருக்கும்.

திறந்த கூட்டத்துக்குக் குடும்பத்தினர், மாணவர்கள் என யாரும் வரலாம். மூடிய கூட்டம் குடிப்பழக்கத்தை விட விரும்புகிறவர்களுக்கு மட்டும்.

4. உள்ளே என்ன நடக்கும்?

ஒரு தையல்காரர் முதல் முறையாகப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். கூட்டம் இரவு 7 மணிக்கு. 6.45-க்கே போய்விடுகிறார். யாரோ ஒருவர் "வாங்க, உட்காருங்க. முதல் தடவையா?" என்று கேட்கிறார். பெயர் கேட்டால் முதல் பெயர் மட்டும் சொன்னால் போதும். ஊர், வேலை, சாதி, சம்பளம் எதுவும் தேவையில்லை. நாற்காலிகள் போட்டிருக்கின்றன. டீ தருகிறார்கள். கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் நிம்மதி என்றால் அங்கேயே உட்காரலாம்.

7 மணிக்குக் கூட்டத்தை நடத்துபவர் தொடங்குகிறார். சிறிது மௌனம், ஒரு சின்னப் பிரார்த்தனை. ஏ.ஏ. என்றால் என்ன என்று ஒரு பத்தி வாசிக்கிறார்கள். பிறகு ஒருவர் எழுந்து, "வணக்கம், நான் ஒரு குடிநோயாளி" என்று தன் பெயரோடு ஆரம்பிக்கிறார். எல்லாரும் அவர் பெயரைச் சொல்லி வணக்கம் சொல்கிறார்கள். எப்படிக் குடிக்க ஆரம்பித்தார், எதை இழந்தார், எப்படி நிறுத்தினார், இப்போது எப்படி இருக்கிறார் என்று பேசுகிறார். முடித்ததும் அடுத்தவர். நடுவில் யாரும் குறுக்கிடுவதில்லை, அறிவுரை சொல்வதில்லை, "ஏன் இப்படிப் பண்ணே?" என்று கேட்பதில்லை.

தையல்காரரின் முறை வருகிறது. "நான் இன்னிக்குக் கேட்க மட்டும் வந்தேன்" என்கிறார். "நன்றி" என்று சொல்லிவிட்டு அடுத்தவரிடம் போய்விடுகிறார்கள். அவ்வளவுதான்.

இடையில் ஒரு பை சுற்றி வரும். டீச் செலவு, வாடகைக்காக உறுப்பினர்கள் விருப்பப்பட்டதைப் போடுவார்கள். வெளியார் நன்கொடையை ஏ.ஏ. வாங்குவதில்லை. புதியவர் எதுவும் போட வேண்டியதில்லை. ஒரு மணி நேரமோ ஒன்றரை மணி நேரமோ ஆனதும் கூட்டம் முடிகிறது. கிளம்பும்போது ஒருவர் தன் போன் நம்பரை எழுதிக் கொடுத்து, "குடிக்கணும்னு தோணிச்சுன்னா, குடிக்கிறதுக்கு முன்னாடி கூப்பிடுங்க" என்கிறார். அந்தச் சீட்டைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். முதல் கூட்டத்திலிருந்து வீட்டுக்குக் கொண்டுவர வேண்டிய ஒரே பொருள் அதுதான்.

5. மனதில் ஓடும் கேள்விகள்

"தெரிஞ்சவங்க யாராவது இருந்துட்டா?" இருக்கலாம். அவரும் அதே காரணத்துக்காகத்தான் வந்திருக்கிறார். இங்கே பார்த்த ஆளையும் கேட்ட பேச்சையும் வெளியே கொண்டு போகக் கூடாது என்பது குழுவின் அடிப்படை ஒழுங்கு. வருகைப் பதிவேடு கிடையாது. அலுவலகத்துக்கோ காவல் நிலையத்துக்கோ தகவல் போகாது.

"இனி குடிக்க மாட்டேன்னு சத்தியம் பண்ணணுமா?" வேண்டாம். குடியை விட வேண்டும் என்ற விருப்பம் ஒன்றுதான் உறுப்பினராவதற்கான தகுதி. உறுதி இன்னும் வரவில்லை, விருப்பம் மட்டும் இருக்கிறது என்றாலும் போகலாம். அங்கே பேசப்படுவது ஆயுள் முழுக்க அல்ல, இன்று ஒரு நாள்.

"குடிச்சிட்டுப் போகலாமா?" குடிக்காமல் போவது நல்லது, அப்போதுதான் கேட்டது மனதில் நிற்கும். ஆனால் குடித்துவிட்டோம் என்ற காரணத்தால் போகாமல் இருந்துவிடாதீர்கள். அன்றைக்குப் பேசாமல் உட்கார்ந்து கேளுங்கள்.

"கடவுள் பத்தி நிறையப் பேசுவாங்களாமே?" ஏ.ஏ.வின் 12 படிகளில் கடவுள் என்ற சொல் வருகிறது. அவரவர் புரிந்துகொண்டபடி என்ற விளக்கத்தோடு வருகிறது. ஏ.ஏ. எந்த மதத்தையும் சேர்ந்தது அல்ல. சர்ச் கட்டடத்தில் நடந்தாலும் அது சர்ச் கூட்டம் அல்ல. நம்பிக்கை இல்லாதவரும் போகலாம்.

"நான் பொம்பள, அங்க எல்லாம் ஆம்பளையா இருப்பாங்களே?" பல கூட்டங்களில் ஆண்களே அதிகம் என்பது உண்மைதான். போனில் விசாரிக்கும்போதே பெண் உறுப்பினர் ஒருவரோடு பேச முடியுமா என்று கேளுங்கள். முதல் தடவை திறந்த கூட்டத்துக்குத் துணையோடு போகலாம். இணையவழியில் பெண்களுக்கான தனிக் கூட்டங்களும் உண்டு.

"இது மீட்பு மையமா? அடைச்சு வச்சிடுவாங்களா?" இல்லவே இல்லை. எப்போது வேண்டுமானாலும் எழுந்து வரலாம். யாராவது வேனில் வந்து தூக்கிப் போகிறோம் என்றாலோ, முன்பணம் கேட்டாலோ, கைபேசியைப் பறித்தாலோ அது ஏ.ஏ. அல்ல. உள்நோயாளியாகச் சேர்க்கும் மையம் என்றால், மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்றதா என்று முதலில் கேளுங்கள்.

6. வீட்டில் இருப்பவர்களுக்கு

இரவில் அவர் தள்ளாடி வந்து நிற்கும்போது இதைப் பேசாதீர்கள். காலையில், தெளிவாக இருக்கும்போது, "என்னங்க, வியாழக்கிழமை சாயங்காலம் இங்க ஒரு கூட்டம் இருக்கு. நானும் வாசல் வரைக்கும் வரேன். ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்க, பிடிக்கலைன்னா வந்துடலாம்" என்று சொல்லிப் பாருங்கள். கிழமை, நேரம், இடம் மூன்றும் அதில் இருக்க வேண்டும். "நீங்க திருந்தவே மாட்டீங்களா" என்பதற்குப் பதில் சொல்ல வழியில்லை. "வியாழக்கிழமை வரீங்களா" என்பதற்கு உண்டு.

'குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம்' என்று விளம்பரம் செய்யப்படும் மருந்துகளை வாங்கவே வாங்காதீர்கள். டைசல்பிராம் போன்ற மாத்திரை உள்ளே இருக்கும்போது குடித்தால் வாந்தி, கடும் படபடப்பு, ரத்த அழுத்தம் இறங்குதல் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் பரிசோதித்து, நோயாளியின் சம்மதத்தோடு மட்டுமே தர வேண்டிய மருந்து அது.

அவர் வர மறுத்தால், நீங்கள் போங்கள். குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கு அல்-அனான் என்ற தனிக் குழு இருக்கிறது. பில் வில்சனின் மனைவி லோயிஸ் முன்னின்று 1951-ல் அமைத்தது. பதின்பருவப் பிள்ளைகளுக்கு அலட்டீன். "அவர் குடிக்கிறதுக்கு நான் ஏன் போகணும்?" என்று கோபம் வரும். பல வருஷமாக யாரிடமும் சொல்லாமல் அடக்கி வைத்திருப்பதை இறக்கி வைக்க உங்களுக்கும் ஓர் இடம் வேண்டும், அதற்காகத்தான்.

7. முதல் கூட்டத்துக்குப் பிறகு

முதல் கூட்டம் பிடிக்காமல் போகலாம். ஒரே கூட்டத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். குழுவுக்குக் குழு ஆட்களும் பேச்சும் மாறும். இரண்டு மூன்று இடங்களில் ஆறு கூட்டமாவது போய்ப் பார்த்து முடிவு செய்யுங்கள். பழைய உறுப்பினர்கள், முடிந்தால் 90 நாளில் 90 கூட்டம் என்பார்கள். ஊரில் வாரம் ஒரு கூட்டம்தான் என்றால், இடைப்பட்ட நாட்களில் அந்தச் சீட்டில் உள்ள நம்பருக்குப் பேசுங்கள். பழகியபின், உங்களுக்கு வழிகாட்ட அனுபவசாலி ஒருவரைக் கேட்டுக்கொள்ளலாம். அவரை ஸ்பான்சர் என்பார்கள்.

குடிக்கும் ஆசை எழும்போது நான்கைச் சரிபாருங்கள்: பசியா, கோபமா, தனிமையா, களைப்பா? முதலில் அதற்கு வழி செய்யுங்கள். சம்பள நாள் சாயங்காலமும், கல்யாண வீடும், எழவு வீடும் கூடுதல் கவனம் தேவைப்படும் இடங்கள்.

இடையில் தவறிக் குடித்துவிட்டால் வெட்கப்பட்டு ஒதுங்காதீர்கள். அடுத்த கூட்டத்துக்கு அப்படியே போங்கள். அந்த அறையில் இருப்பவர்களில் பலர் அப்படித் திரும்பி வந்தவர்கள். குடிக்காமல் ஓராண்டு முடிப்பதைப் பல குழுக்களில் பிறந்தநாள் என்றே கொண்டாடுகிறார்கள்.

கையில் வைத்திருக்க வேண்டிய எண்கள்

14446: போதை மீட்பு ஆலோசனை
14416: டெலி-மானஸ் மனநல ஆலோசனை, 24 மணி நேரமும்
104: மருத்துவ ஆலோசனை
108: அவசர ஊர்தி

'செத்துவிடலாம்' என்ற எண்ணம் வந்தால் கூட்டம் நடக்கும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். உடனே 14416-க்குப் பேசுங்கள்.

இன்றைய வீட்டுப்பாடம்

ஒன்று, மேலே உள்ள எண்களில் ஒன்றை இன்றே அழைத்து, உங்களுக்குப் பக்கத்தில் கூட்டம் எங்கே என்று கேளுங்கள். இரண்டு, கிழமை, நேரம், இடம் மூன்றையும் ஒரு காலண்டர் தாளில் எழுதுங்கள். மூன்று, நம்பிக்கையான ஒருவரிடம் "இந்தக் கிழமை நான் போறேன்" என்று சொல்லிவையுங்கள். கொண்டு போக வேண்டியது எதுவும் இல்லை. கால் மணி நேரம் முன்னதாகப் போய்விடுங்கள்.